காய் விட்டவன் பழம் விடும் இடம்

பட்டிமன்றத் தலைப்பு: தொடக்கப் பள்ளிப் பருவத்தில் பிள்ளைகளின் மனம் பண்படுவது பெரிதும் வீட்டிலா? பள்ளியிலா?

('பள்ளியிலே' என்ற அணியில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

நடுவர்: 'வீடுதான்'னு பேசுன தம்பி தாலாட்டுல ஆரம்பிச்சுத் தாத்தா தோள் வரைக்கும் போயிட்டாரு. கேட்டுக்கிட்டிருந்த எனக்கே எங்க அப்பத்தா ஞாபகம் வந்துருச்சு. அடுத்து வர்ற அம்மா இருபது வருசத்துக்கு மேல ஒண்ணாப்பு, ரெண்டாப்புப் பிள்ளைகளோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கிறவங்க. அதனால நாம எல்லாரும் கையைக் கட்டி, வாயைப் பொத்தி உட்கார்ந்துக்குவோம். வாங்கம்மா! (சிரிப்பு)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் சான்றோர்களே! என் அணித் தோழர்களே! மாமதுரைப் பெருமக்களே! 

நடுவர் ஐயா கையைக் கட்டி உட்காரச் சொன்னார். ஐயா, நான் என் வகுப்புல கையைக் கட்டச் சொல்றதே இல்லீங்க. கையைக் கட்டிட்டா பக்கத்துப் பிள்ளையைக் கிள்ள முடியாது. கிள்ளினாத்தானே சண்டை வரும்? சண்டை வந்தாத்தானே சமாதானம் வரும்? (சிரிப்பு, கைதட்டல்)

இந்தச் சிரிப்புக்குள்ளேதான் ஐயா, எங்கள் அணியின் கட்சி முழுவதும் இருக்கிறது.

எதிரணித் தம்பி அருமையாகப் பேசினார். தாய்மடி என்றார், தாலாட்டு என்றார், அப்பத்தா சொல்லும் கதை என்றார். ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. நானும் ஒரு தாய். பிள்ளைக்கு அன்பு கிடைக்கும் முதல் இடம் வீடு. 'நமக்கு ஒரு ஆள் இருக்கு' என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுப்பது வீடு. அந்த நம்பிக்கை இல்லாமல் பள்ளிக்கு வருகிற பிள்ளை பாதி உயிரோடுதான் வருகிறது. இதை நான் கண்ணாலே பார்க்கிறவள்.

ஆனால் நடுவர் அவர்களே, இன்றைய தலைப்பு 'அன்பு எங்கே கிடைக்கிறது?' என்பது அல்ல. 'மனம் பண்படுவது எங்கே?' என்பதுதான் தலைப்பு. அதுவும் ஐந்து வயதிலிருந்து எட்டு, ஒன்பது வயது வரைக்கும் உள்ள பிள்ளைக்கு. மனம் பண்படுவது என்றால் என்ன? தன் முறை வரும் வரை காத்திருப்பது. தன்னிடம் இருப்பதைப் பகிர்ந்து கொடுப்பது. தோற்றால் தாங்கிக்கொள்வது. அடுத்தவன் அழுதால் 'ஏன் அழுகிறான்?' என்று யோசிப்பது. சண்டை போட்டவனோடு மறுபடியும் சேருவது. இந்த ஐந்தும் எங்கே வரும்? அம்மா மடியிலே வருமா?

தோற்பதையே எடுத்துக்கொள்வோம். சாயங்காலம் அப்பாவும் மகனும் கேரம் ஆடுறாங்க. யார் ஜெயிக்கிறா? மகன்தான். எப்படி? அப்பா தோத்துக் குடுக்கிறாரு. 'எங்க சிங்கக்குட்டி என்னைத் தோக்கடிச்சிருச்சு பாரு'ன்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. பாசம். தப்பே இல்லை. ஆனா, நான் கேக்குறேன், கூட்டாளி தோத்துக் குடுப்பானா? (சிரிப்பு) கோலிக்குண்டு விளையாட்டிலே முழங்கையை மண்ணிலே ஊன்றித் தள்ளிக்கொண்டே போக விடுவான். பயபுள்ள ஈவு இரக்கம் பார்க்க மாட்டான். முழங்கை உரிந்து, கண்ணிலே தண்ணி முட்டிக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்கு மறுபடியும் வந்து நிற்கிறான் பாருங்க, அங்கேதான் ஐயா ஒரு மனுஷன் உருவாகிறான். (கைதட்டல்)

கோலிக்குண்டு என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். சுவிட்சர்லாந்து நாட்டிலே பியாஜே என்று ஓர் அறிஞர். அவர் என்ன செய்தார் தெரியுமா? தெருவிலே கோலி ஆடும் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து, 'இந்த ஆட்டத்துக்கு என்னப்பா சட்டம்? யார் போட்டது? மாத்தலாமா?' என்று கேட்டார். அதை வைத்து 1932ஆம் ஆண்டு பிள்ளைகளின் நீதி உணர்வு பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் கண்டது என்ன? ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டுச் சட்டம் என்பது பெரியவர்கள் கொடுத்தது, சாமி வாக்கு மாதிரி, மாற்றவே கூடாது. அதே பிள்ளைக்குப் பத்து, பதினோரு வயது ஆகும்போது, 'நாம எல்லாரும் ஒத்துக்கிட்டா மாத்திக்கலாம்' என்று தோன்றுகிறது. இந்த மாற்றத்தை யார் கொண்டு வந்தது? பெரியவர்கள் சொல்லிக் கொடுத்து வந்ததைவிட, சம வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் ஆடி, சண்டை போட்டு, பேசித் தீர்த்துத்தான் இது வளர்கிறது என்பது அவர் முடிவு.

நான் சொல்வதற்கு என் வகுப்பறையே சாட்சி. ஒண்ணாம் வகுப்புல ஒரு மணி நேரத்துக்கு நாப்பது புகார் வரும். 'டீச்சர், இவன் கிள்ளிட்டான்.' 'டீச்சர், இவ என் ரப்பரை எடுத்துட்டா.' 'டீச்சர், இவன் என்னையே பாக்குறான்.' (சிரிப்பு) ஹைகோர்ட்டு மதுரைக் கிளையிலகூட ஒரு நாளைக்கு இவ்வளவு வழக்கு வராதுங்க. (பலத்த சிரிப்பு) அதே பிள்ளைக நாலாம் வகுப்புக்குப் போனதும் புகார் குறைஞ்சிரும். சண்டை நின்னுருச்சுன்னு நினைக்காதீங்க. சண்டை இருக்கு. தீர்ப்பு அவங்களே சொல்லிக்கிறாங்க. டீச்சருக்கு வேலை இல்லை.

அந்தப் பியாஜே பிள்ளைகளிடம் இன்னொரு கதையும் சொன்னார். ஒரு பையன் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் இருந்தது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பை விழுந்து உடைகிறது. இன்னொரு பையன், அம்மா இல்லாத நேரம் பார்த்து, அலமாரியிலே திருட்டுத்தனமாக ஜாம் எடுக்கப் போகிறான். ஒரே ஒரு கோப்பை உடைகிறது. யார் பெரிய தப்புச் செய்தவன்? சின்னப் பிள்ளைகளில் பலர், '15 உடைச்சவன்தான்' என்றார்கள். வளர்ந்த பிள்ளைகள், 'அவன் தெரியாமப் பண்ணிட்டான். இவன்தான் தப்பு' என்றார்கள். சேதத்தைப் பார்ப்பது சின்ன வயது. மனசைப் பார்ப்பது வளர்ந்த வயது.

இப்ப எதிரணியைக் கேக்குறேன். வீட்டுல கண்ணாடி டம்ளர் உடைஞ்சா என்ன கேக்குறோம்? 'எப்படிடா விழுந்துச்சு?'ன்னா கேக்குறோம்? 'எவ்வளவு விலை தெரியுமாடா?'ன்னுதானே கேக்குறோம்? அப்ப நமக்கு என்ன வயசுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

நடுவர்: அம்மா, என்னையும் ஒண்ணாப்புல சேர்த்துட்டீங்களே! எங்க வீட்டுல உடைஞ்சது கண்ணாடி டம்ளர் இல்லை, டி.வி.! (சிரிப்பு)

டி.வி. என்றால் விலை கேட்கலாம் ஐயா! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, வீடா பள்ளியா என்ற இந்தப் பட்டிமன்றத்தை நமக்கு முன்னாலேயே ஒருத்தர் நடத்தி முடித்துவிட்டார். அவர் பெயர் கொரோனா. 2020 மார்ச் மாதம் பள்ளிகளை மூடினார்கள். நம் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஏறத்தாழ பத்தொன்பது மாதம். எதிரணி கேட்ட வீடு முழுசாகக் கிடைத்தது. அம்மா வீட்டிலே, அப்பா வீட்டிலே, அப்பத்தா வீட்டிலே. பள்ளி என்ற இடையூறே இல்லை. வீடு ஜெயித்திருக்க வேண்டும் அல்லவா? என்ன நடந்தது?

2020 ஜூனிலே ஒண்ணாம் வகுப்பு சேர்ந்திருக்க வேண்டிய பிள்ளை, முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தபோது அது ரெண்டாம் வகுப்பு. நான் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலே வேலை பார்க்கிறேன். அதுவரைக்கும் வாட்ஸ்அப்பிலே பாட்டும் படமும் அனுப்பிக்கொண்டிருந்தேன். முதல் நாள் ஒரு பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துச்சு. 'என்னடா கண்ணு?'ன்னேன். 'டீச்சர், நீங்க இவ்வளவு பெரிசா?'ன்னு கேட்டுச்சு. (பலத்த சிரிப்பு) அது என்னைச் செல்போன் அளவிலேயே பார்த்துப் பழகியிருக்குங்க!

இது சிரிக்க. இனிமேல் சொல்லப்போவது சிரிக்க அல்ல.

அந்த வகுப்பிலே ஒரு பையன். வீட்டுக்கு ஒரே பிள்ளை. வீட்டிலே குறை வைக்கவில்லை. கேட்டது எல்லாம் கிடைக்கும். ஆனால் வகுப்பிலே அவன் பையை யாரும் தொடக்கூடாது. தொட்டால் கத்துவான். விளையாட்டிலே தோற்றால் கடித்துவிடுவான். வீட்டிலே அவனோடு ஆடியது செல்போன். அதிலே தோற்றால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், மறுபடியும் முதலிலிருந்து ஆடலாம். செல்போன் கோபித்துக்கொள்ளாது. செல்போன் 'போடா, உன்னோட வரமாட்டேன்' என்று சொல்லாது.

ஒருநாள் பக்கத்திலே இருந்த பையன் விரலைக் காட்டி, 'போடா, உன்னோட காய்!'னுட்டான். நீங்க எல்லாரும் விட்ட காய்தான். நானும் விட்டிருக்கேன். இந்தப் பையன் என்கிட்ட ஓடி வந்தான். அழுதுக்கிட்டு வரலை. முழிச்சுக்கிட்டு வந்தான். வந்து கேட்டான், 'டீச்சர், காய்னா என்ன டீச்சர்?'

ஐயா, ஏழு வயசுப் பிள்ளைக்குக் காய்னா என்னன்னு தெரியலைங்க. (அமைதி)

தெரியாதுதான். காய் விடுறதுக்கு ஒரு கூட்டாளி வேணும்ல? அவன்கூட யாரு இருந்தா? அம்மா காய் விடுவாளா? அடிச்சாலும் அடுத்த நிமிசம் அவளே வாரி எடுத்துக்குவா. அதனால பழம் விடுறதுன்னா என்னன்னும் அவனுக்குத் தெரியலை. அம்மாகிட்ட நாம பழம் விடவே வேண்டியதில்லை. அம்மா எப்பவும் பழம்தான். (கைதட்டல்) ஆனா உலகம் முழுக்க அம்மா இருக்க மாட்டாங்களே! நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல, கட்டிக்கிட்டுப் போற வீட்டுல, பஸ்ஸுல பக்கத்து சீட்டுல இருக்கிறவங்க எல்லாம் அம்மாவா? அவங்ககிட்ட நாமதான் போய் நிக்கணும். நாமதான் முதல்ல பழம் விடணும். அதை எந்த வயசுல கத்துக்கிறது?

மூணு நாள் காய். நான் தலையிடவில்லை. தலையிடக்கூடாது. நாலாம் நாள், காய் விட்டவன் பென்சிலைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். நம்ம பையன் அவனையே பார்த்தான். தன் பையைத் திறந்தான். யாரையும் தொடவிடாத பை. உள்ளே ஒரே ஒரு புதுப் பென்சில். எடுத்தான், முழங்காலிலே வைத்தான், 'டக்'குன்னு ரெண்டா ஒடிச்சான். பாதியை அவன் முன்னால வச்சான். ஒரு வார்த்தை பேசலை. அந்தப் பக்கத்துப் பையன் பென்சிலை எடுத்துக்கிட்டு, விரலைக் காட்டி, 'பழம்'னான். முடிஞ்சு போச்சு. (பலத்த கைதட்டல்)

மறுநாள் அந்தப் பையனோட அம்மா வந்தாங்க. 'டீச்சர், புதுப் பென்சிலை ஒடிச்சு வச்சிருக்கான், என்னன்னு கேளுங்க டீச்சர்'னாங்க. நான் சொன்னேன், 'அம்மா, பென்சில் ஒடிஞ்சதைப் பாக்காதீங்க. அந்தப் பாதி எங்க போச்சுன்னு பாருங்க.' அந்தத் தாய் விவரம் கேட்டுக் கண் கலங்கிட்டாங்க. அவங்க நல்ல தாய்தான். ஆனா அவங்க எவ்வளவு நல்ல தாயா இருந்தாலும், வீட்டுக்குள்ளே ஒரு கூட்டாளியைப் பெத்துப் போட முடியுமா?

பத்தொன்பது மாதத்திலே விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் மீட்க 2022லே 'எண்ணும் எழுத்தும்' என்று ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை திட்டம் கொண்டு வந்தார்கள். கதை, பாட்டு, பொம்மலாட்டம் என்று வகுப்பறையே மாறியது. எழுத்தை நாங்கள் மீட்டோம். ஆனால் காயும் பழமும் விட்டுப்போனதே, அதை மீட்டது யார்? பிள்ளைகளே மீட்டார்கள். பக்கத்திலே பக்கத்திலே உட்கார்ந்ததாலே மீட்டார்கள்.

இந்த இடத்திலே என் தப்பு ஒன்றைச் சபையிலே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்காகப் பேச வந்தவள் பள்ளியின் குறையை மறைத்தால் அது நியாயம் இல்லை.

பல வருடங்களுக்கு முந்தின கதை. காலையிலே வகுப்பு தொடங்கும்போதே ஒரு பையன் அழுதுகொண்டிருக்கிறான். பாடம் நடத்த விடவில்லை. எனக்கு அன்றைக்கு என்ன எரிச்சலோ, 'அழுகை நின்னதும் உள்ள வா'ன்னு வெளியில நிறுத்திட்டேன். அஞ்சு நிமிசம் ஆச்சு. ஒரு சின்னப் பிள்ளை, ஏழு வயசு இருக்கும், எந்திரிச்சு என் சேலை முந்தானையைப் பிடிச்சு இழுத்துச்சு. 'டீச்சர், அவன் நேத்து ராத்திரியும் சாப்பிடலை. வயிறு வலிக்குது, அதான் அழுகுறான்'னுச்சு. எனக்குச் சுரீர்னு ஆயிருச்சு. பட்டம் படிச்சு, பயிற்சி எடுத்து, சம்பளம் வாங்குற எனக்கு அவன் முகத்துல அழுகை மட்டும்தான் தெரிஞ்சுது. ஏழு வயசுப் பிள்ளைக்குப் பசி தெரிஞ்சுது. (கைதட்டல்)

அந்தப் பிள்ளைக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தினமும் அவன் பக்கத்திலே உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்த பாடம் அது. அன்று முதல் காலையிலே நான் கேட்கிற முதல் கேள்வி 'வீட்டுப்பாடம் எழுதினியா?' இல்லை. 'சாப்பிட்டியா?'

2022 செப்டம்பர் 15. நம் மதுரை நெல்பேட்டை, ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்கேதான் தரையிலே பிள்ளைகளோடு உட்கார்ந்து காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு, 2023 ஆகஸ்டு 25 அன்று, தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் வகுப்பறைக்கு முன்னாலே வந்தன. அந்தச் செய்தியைக் கேட்ட அன்றைக்கு, நான் வெளியிலே நிறுத்திய அந்தப் பையனைத்தான் நினைத்தேன். அதற்குள் அவன் வளர்ந்து போய்விட்டான்.

நடுவர் அவர்களே, நான் கட்சி பேசவில்லை, சோறு பேசுகிறேன். (கைதட்டல்) 1956லே காமராசர் காலத்து மதிய உணவு, 1982லே எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு, 2022லே காலை உணவு. இதிலே வயிறு நிறைந்தது ஊருக்கே தெரியும். மனசு நிறைந்தது எனக்குத் தெரியும். எப்படி?

நம்ம பக்கத்து ஊர்களைப் பற்றி நமக்குள்ளே மறைக்க என்ன இருக்கிறது? ஒவ்வொரு ஊரிலும் 'அந்தத் தெரு', 'இந்தத் தெரு' உண்டு. அந்தத் தெருவுக்கும் இந்தத் தெருவுக்கும் நடுவிலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டைப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? 'அவுக பிள்ளையோட சேராத, அவுக வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்காத' என்று முதலில் சொல்வது யார்? எதிரணித் தம்பி, உங்கள் வீடு சொல்லாமல் இருக்கலாம். சொல்கிற வீடு இருக்கிறதா, இல்லையா? (நீண்ட கைதட்டல்) அன்பைச் சொல்லிக் கொடுக்கிற அதே வீடுதான் சில நேரம் இந்தக் கோட்டையும் போட்டுக் கொடுக்கிறது.

மத்தியானம் வரிசையாகத் தட்டைப் போட்டு உட்காருகிறார்கள். யார் எந்தத் தெரு என்று தட்டிலே எழுதி இல்லை. முட்டை வைக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு மஞ்சக்கரு பிடிக்காது. பக்கத்துப் பிள்ளைக்கு வெள்ளைக்கரு பிடிக்காது. 'இந்தா, உன் மஞ்சக்கருவை எனக்குக் குடு, என் வெள்ளைக்கருவை நீ எடுத்துக்க.' ஒப்பந்தம் முடிஞ்சுது. (சிரிப்பு) அந்தத் தெருத் தட்டுக்கும் இந்தத் தெருத் தட்டுக்கும் நடுவுல ஒரு முட்டை போயிட்டு வந்துருச்சுங்க. ஊர்ப் பெரியவங்க எத்தனை தலைமுறையாகத் தாண்டாத கோட்டை, ஆறு வயசுப் பிள்ளைக ஒரு முட்டையில தாண்டிட்டாங்க! (பலத்த கைதட்டல்)

இன்னொன்று. பிள்ளைகள் ஆசிரியரிடம் கற்பதைவிட மூத்த பிள்ளைகளிடம் கற்பது அதிகம். இத்தாலி நாட்டு அம்மையார் மரியா மாண்டிசோரி 1939லே சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போரினால் ஊர் திரும்ப முடியவில்லை. போர் நடந்த அந்த நாளிலே நம்ம கொடைக்கானலிலே தங்கி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு என்ன கல்வி என்று ஆராய்ந்தார். வேறு வேறு வயதுப் பிள்ளைகளைக் கலந்து உட்கார வை. பெரியது சின்னதுக்குச் சொல்லிக் கொடுக்கும். சின்னது பெரியதைப் பார்த்து வளரும் என்பது அவர் முறை. நம் அரசுப் பள்ளிகளிலே செயல்வழிக் கற்றல் வந்தபோது, நாலு வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையிலே பாயிலே கலந்து உட்கார்ந்தார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குச் செருப்பு வாரை மாட்டிவிட்டது. அந்தக் காலத்திலே வீட்டிலே அண்ணன், அக்கா செய்த வேலை இது. இன்றைக்கு வீட்டுக்கு ஒன்று. ஒன்றுக்கு அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை. எதிரணி சொன்ன அந்தக் கூட்டுக் குடும்பம் இன்றைக்கு எங்கே இருக்கிறது தெரியுமா? பள்ளிக்கூடத்துப் பாயிலே இருக்கிறது. (கைதட்டல்)

தெரு இருக்கிறதே, தெருவிலே விளையாடிக் கற்க மாட்டார்களா என்று கேட்கலாம். கற்றார்கள். நமக்குப் பக்கத்திலே கீழடி இருக்கிறது. அங்கே மண்ணைத் தோண்டினால் சுடுமண் சில்லு சில்லாகக் கிடைக்கிறது. பாண்டி ஆடுகிற சில்லு மாதிரி வட்டச் சில்லு. கூடவே பகடைக்காய், ஆட்டக்காய். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னாலே வைகைக் கரையிலே ஆடிய ஆட்டம். 2023லே திறந்த அருங்காட்சியகத்துக்கு உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அந்த நாளிலே தெருவே பள்ளிக்கூடமாக இருந்தது. இன்றைக்கு நம்ம சிம்மக்கல் தெருவிலே ஒரு பிள்ளை பாண்டிக் கட்டம் போட முடியுமா? ரெண்டு கட்டம் போடுறதுக்குள்ள மூணு பைக் ஏறிப் போயிரும். (சிரிப்பு) தெரு போய்விட்டது. இருக்கிற ஒரே மைதானம் பள்ளி மைதானம்.

ஆனால், பள்ளிக்கூடம் என்று பலகை மாட்டிவிட்டால் மட்டும் இது நடந்துவிடாது. அழுகிற பிள்ளையை வெளியே நிறுத்தினால் நடக்காது. அன்று நான் செய்த அந்தத் தப்பை யாரும் செய்யக்கூடாது என்றுதான் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனசாலே வதைக்கவும் கூடாது என்று சொல்கிறது. பல பள்ளிகளிலே விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடம் தின்றுவிடுகிறது. அதையும் செய்யக்கூடாது. பெற்றோர்கள் வந்து, 'டீச்சர், எம் பிள்ளை வகுப்புல எத்தனாவது?' என்று கேட்கிறீர்கள். ஒருநாளாவது, 'டீச்சர், எம் பிள்ளைக்கு யாரு கூட்டாளி?' என்று கேளுங்கள். (கைதட்டல்) அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால், முதல் மதிப்பெண் வாங்கினாலும் கவலைப்படுங்கள். பதில் இருந்தால், ரெண்டு மதிப்பெண் குறைந்தாலும் நிம்மதியாகத் தூங்குங்கள்.

நிறைவாகச் சொல்கிறேன், நடுவர் அவர்களே. நம்மைத் தேர்ந்தெடுத்த மனிதர்களோடு வாழ்வது வீடு. நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு வாழப் பழகுவது பள்ளி. வீட்டிலே கிடைக்கிற அன்பு விதைநெல். அதை மறுக்க நான் யார்? ஆனால் விதைநெல்லை எத்தனை பத்திரமாகக் குதிரிலே வைத்திருந்தாலும் அது பயிராகாது. சேற்றிலே விழ வேண்டும். பக்கத்து நாற்றோடு இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சோழவந்தான் வயல்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அந்தப் பையன் இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டான். போன மாசம் வழியிலே பார்த்தேன். கூட ஒரு பையன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். 'யாருடா இது?'ன்னு கேட்டேன். 'தெரியலையா டீச்சர்? பென்சில்!'னான். (சிரிப்பு) அந்தக் கூட்டாளிக்குப் பேரே 'பென்சில்'னு ஆகிப் போச்சுங்க. பாதிப் பென்சில்ல ஆரம்பிச்சது, இன்னும் கூடவே வருது.

காய் விடவும், பழம் விடவும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் பள்ளியே, பள்ளியே என்று கூறி, நல்ல தீர்ப்பு வழங்குவீர்கள் என்ற நம்பிக்கையோடு அமர்கிறேன். எதிரணித் தம்பி என் மேல் கோபமாக இருந்தால், இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன்: தம்பி, பழம்!

(பலத்த கைதட்டல்)